குரங்கைத் தா

வெஸ்ட்லி, ஒஸ்லோ
18.08.2003

யோகலிங்கம் அத்தானுக்கு,

அரை மணித்தியாலப் பயணத்தில் இருக்கிற உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது என் குற்றமில்லை. மூன்று தரம் ரெலிபோன் எடுத்தேன். மூன்று தரமும் வைத்தீர்கள். போன சனிக்கிழமை நேரே வந்தேன். நாற்பது பேருக்கு முன்னால், "பூசை நடக்குது, பின்னால போய் இரும்" என்றீர்கள். நான் என்ன, பிரசாதம் வாங்கவா வந்தேன்? ஆகையால் எழுத்தில் கேட்கிறேன். எழுதினதை இடையில் வெட்டிக் கதைக்க உங்களால் முடியாது.

குரங்கைத் திருப்பித் தாருங்கள்.

சிவநாயகி அக்காவிடம் சொல்லி அனுப்பினதை அவ முழுதாகச் சொன்னாவோ தெரியாது. முதலில் இருந்தே எழுதுகிறேன். நான் வேலைக்குப் போகும் பிறெக்கே அம்மாவின் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அது இருந்தது. அவவின் மனுசன் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். ஐம்பது வருஷத்துக்கு முன் பெரு நாட்டில் இருந்து கொண்டுவந்தாராம். கன்னங்கறுத்த மண் பாத்திரம். ஒட்டினபடி இரண்டு வயிறு. ஒன்றில் தண்ணீர் ஊற்றும் குழாய், மற்றதன் மேல் குரங்கு குந்தியிருந்து இரண்டு கையாலும் எதையோ பிடித்துத் தின்கிறது. மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் வேலை முடிக்கும் நேரம், அவ கதிரையில் இருந்தபடி அலுமாரியைக் காட்டி, "கான் டு தா ஆப்பன்?" என்றா. ஆப்பன் என்றால் குரங்கு. தா என்பது, நோர்வேக்கு வந்த முதல் கிழமை வகுப்பில் நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த சொல். எங்கள் தா என்றால் கொடு, இவர்களுடைய தா என்றால் எடு. குரங்கை எடுக்கிறாயா என்று கேட்டா. எடுத்தேன். துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அதை உங்கள் வீட்டில் காட்டினதுதான் நான் செய்த பிழை. நீங்கள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "ஆஞ்சநேயர் கைகூப்பிக்கொண்டு இருக்கிறார். இது உம்மட அறையில இருக்கிற பொருளில்லை" என்றீர்கள். சாமியறையில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டேன்.

யூன் மாதம் பிறெக்கே அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறா. மகள் இங்கர் பேர்கனில் இருந்து வந்து வீட்டை ஒதுக்குகிறா. அலுமாரியில் குரங்கு இல்லை. என்னைக் கேட்டா. உங்கள் அம்மா எனக்குத் தந்தவ என்றேன். "அம்மா அப்படிச் சொல்லவில்லை. தந்தாலும் நீ வாங்கக் கூடாது, தெரியாதா?" என்றா. தெரியும். வீட்டுதவி வேலை செய்கிறவர்கள் பரிசு வாங்கக் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. செப்டெம்பர் பதினைந்துக்குள் பொருள் வராவிட்டால் எங்கள் கந்தோருக்கு எழுதுவா.

ஒக்ரோபரில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்தக் கடிதம் கையில் இருந்தால்தான் இவரை நோர்வேக்குக் கூப்பிடும் விண்ணப்பத்தைப் போடலாம். அரசரத்தினம் என்று ஒரு மனுசன் திருகோணமலையில் நாலு வருஷமாகத் தனியே சமைத்துச் சாப்பிடுகிறது உங்களுக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை பையோடு வருவேன்.

மனோகரி

*

லோறென்ஸ்கூக்
24.08.2003

மனோகரிக்கு,

உமது 18ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நீர் வந்து மணி அடித்தபோது நாங்கள் வீட்டில்தான் இருந்தோம். கதவைத் திறக்க வேண்டாமென்று நான்தான் சொன்னேன். இதை ஒளிக்க வேண்டிய தேவை எனக்கில்லை. யாழ்ப்பாணக் கச்சேரியில் பதினொரு வருஷம் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவன் நான். இன்று பஸ் ஓட்டினாலும், கடிதத்துக்குக் கடிதத்தால் பதில் எழுதத் தெரியும்.

முதலாவது, ஒரு மூர்த்தியைக் குரங்கு என்று எழுதும் துணிவு உமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன்.

இரண்டாவது, நீரே இரண்டு கையாலும் தந்தீர். நான் பறித்தெடுக்கவில்லை. யூன் மாதம் ஐயரைக் கூப்பிட்டு முறைப்படி பிரதிஷ்டை செய்தேன். அன்று நீர் வேலை என்று வரவில்லை. வந்திருந்தால் கண்டிருப்பீர். முதல் அபிஷேகம். பால் குழாய் வழியே உள்ளே போனது. ஐயர் மெல்லச் சரித்தார். ஆஞ்சநேயர் கூவினார். ஓம், வாய்விட்டுக் கூவினார். ஐயருக்கு மந்திரம் நின்றுபோயிற்று. உமது அக்கா நிலத்தில் இருந்து அழுதா. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கூவுகிறார். போன கிழமை என் வீட்டுக் கீழ்த்தளத்தில் நாற்பத்தொரு பேர். செருப்பு வைக்க இடமில்லாமல் வாசல் படி வரை வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் கோயில் நிர்வாகசபையில் இருந்து என்னை எடுத்தபோது, தலைவர் சோதிலிங்கம் சபையில் வைத்து என்ன சொன்னார் என்று உமக்குத் தெரியும். "ஸ்ரியரிங் பிடிக்கிறவருக்கு நிர்வாகம் எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போன சனிக்கிழமை அவருடைய மனுசியே என் வீட்டுக்கு வந்து வடைமாலை சாத்தினா. இதை மூன்றாவதாக எடுத்துக்கொள்ளும்.

பிரதிஷ்டை செய்ததை உமது வேலைக்காக எழுப்பிக் கொடுக்க முடியாது. குறோன்லாண்ட் கடையில் ஒரு பித்தளை ஆஞ்சநேயர் வாங்கியிருக்கிறேன். நல்ல வேலைப்பாடு. பார்சலில் அனுப்புகிறேன். அந்த வெள்ளைக்காரிக்கு அதைக் கொடும்.

நான்காவதாக ஒன்று இருந்தது. கோபத்தில் மறந்துவிட்டது.

சி. யோகலிங்கம்

*

வெஸ்ட்லி
01.09.2003

அத்தானுக்கு,

உங்கள் பித்தளை ஆஞ்சநேயர் வந்து சேர்ந்தார். திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கர் கேட்பது தகப்பன் கொண்டுவந்த பொருளை. கடையில் வாங்கினதை அல்ல.

மூர்த்தி, மூர்த்தி என்று எழுதுகிறீர்கள். அது என்ன மூர்த்தி என்று சொல்கிறேன், கேளுங்கள். இங்கரின் தகப்பன் உயிரோடு இருந்தபோது பழம்பொருள் படித்த ஒருவரிடம் காட்டி எழுதி வாங்கின காகிதம் ஒன்று இருக்கிறது. இங்கர் எனக்கு அதன் பிரதியைத் தந்தா, பொருளின் பெறுமதி எனக்கு விளங்கட்டும் என்று. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக வாசித்தேன்.

அதைச் செய்தவர்கள் பெருவின் கடற்கரையில் வாழ்ந்த சிமு என்ற சனங்கள். கொலம்பஸ் கப்பல் ஏறமுன்பே செய்தது. அறுநூறு வருஷத்துக்குக் கிட்ட இருக்குமாம். குரங்கு குரங்குதான். நீங்கள் கூப்பிய கை என்று சொன்ன கையில் இருப்பது பழம். உள்ளே ஊற்றி வைத்தது சோளத்தில் வடித்த கள். செத்தவர்களோடு சேர்த்துப் புதைத்தார்கள். பிறகு யாரோ சுடலையைக் கிண்டி எடுத்து விற்றிருக்கிறார்கள். மரக்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் மீன் சட்டியை வைத்ததற்கு அக்காவோடு மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்காத நீங்கள், சவக்குழியில் இருந்து வந்த கள்ளு முட்டிக்கு வடைமாலை சாத்துகிறீர்கள்.

கூவினதும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. குரங்கின் தலைக்குள் ஊதல் ஒன்று வைத்திருக்கிறார்கள். சரிக்கும்போது ஒரு வயிற்றில் இருந்து மற்ற வயிற்றுக்குத் தண்ணீர் போகும். அங்கிருந்த காற்றுக்கு இடமில்லாமல் ஊதலால் வெளியே வரும். பால் ஊற்றினாலும் கூவும், கஞ்சித் தண்ணீர் ஊற்றினாலும் கூவும். அந்த மண்ணுக்குப் பூச்சும் இல்லை. யூனில் இருந்து ஊற்றின பால் முழுக்க அதற்குள் ஊறிக் கிடக்கும். உங்களுக்கு மணக்கவில்லையா?

13ஆம் திகதி சனிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன். அன்றும் தராவிட்டால் பூசைக்கு வருவேன். பின்னால்தான் இருப்பேன், பயப்பட வேண்டாம். தீபாராதனை முடிந்ததும் எழும்பி நின்று இந்தக் காகிதத்தைத் தமிழில் வாசிப்பேன். சோதிலிங்கத்தின் மனுசி முன் வரிசையில் இருந்து கேட்கட்டும்.

மனோகரி

*

லோறென்ஸ்கூக்
05.09.2003

மனோகரிக்கு,

உமது கடிதத்தைக் கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வாசித்தேன். இரண்டு நிமிடம் பிந்தித்தான் வண்டியை எடுத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் இது முதல் தரம்.

சுடலை, சவக்குழி, கள்ளு முட்டி. எழுதின கைக்கு நான் சாபம் போடப்போவதில்லை. கேதாரகௌரி விரதத்துக்கு வருஷா வருஷம் என் வீட்டில் வந்து காப்புக் கட்டின கை அது.

ஆனால் நீர் காகிதம் வாசிக்கிறவர் என்றால் நானும் வாசிக்கிறவன். உமது முதற் கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் வாசித்தேன். "கான் டு தா ஆப்பன்" என்று அந்த மனுசி கேட்டதாக நீரே உமது கையால் எழுதியிருக்கிறீர். தா என்றால் எடு, முதல் கிழமை படித்தோம் என்று பெருமை வேறு. மிச்சக் கிழமைகளில் வகுப்புக்குப் போகவில்லையா? நீர் வேலைக்குப் போகும் வீடுகளில் "தா குல்வெ" என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்வார்கள்? குல்வெ என்றால் தரை. நீர் தரையைப் பெயர்த்துக்கொண்டு வெஸ்ட்லிக்குப் போனீரா, துடைத்துவிட்டுப் போனீரா? இவர்களுடைய தா எடு மட்டுமல்ல. கண்ணுக்கு முன்னால் இருக்கிற வேலையைச் செய் என்பதும் தா. பஸ் ஓட்டுகிற எனக்கே தெரியும். வீடு துடைக்கிற உமக்குத் தெரியாதா?

வேலை முடிக்கும் நேரம் என்று எழுதியிருக்கிறீர். அப்படியென்றால் உமது கையில் தூசித்துணி இருந்திருக்கும். குரங்கிலும் தூசியைத் தட்டிவிடு என்று அந்தக் கிழவி கேட்டிருக்கிறா. நீர் துவாயில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டீர். இதற்குப் பெயர் பரிசு அல்ல. தமிழிலும் களவுதான், நோர்வேஜிய மொழியிலும் களவுதான்.

13ஆம் திகதி நீர் எழும்பி வாசித்தால், நானும் எழும்பி இதை வாசிப்பேன். பிறகு உமது கந்தோருக்கும் எழுதுவேன். கச்சேரிக் கிளாக்கர் எழுதும் முறைப்பாடு எப்படி இருக்கும் என்று அவர்கள் காணட்டும்.

உமது அக்கா இப்போது என் தோளுக்கு மேலால் இதை வாசித்துவிட்டு மேலே போய் அறைக் கதவைப் பூட்டியிருக்கிறா. அதுவும் உம்மாலேதான்.

சி. யோகலிங்கம்

*

வெஸ்ட்லி
08.09.2003

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

சரி, களவு என்றே வைப்போம். கச்சேரிக் கிளாக்கர் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். முத்திரை குத்துவதுதான் பாக்கி.

அப்படியென்றால் அந்தப் பொருள் எனக்குச் சொந்தமில்லை. சொந்தமில்லாததை இரண்டு கையாலும் தர நான் யார்? தந்தாலும் அதை வாங்கிப் பிரதிஷ்டை செய்த நீங்கள் யார்? களவெடுத்த பொருளுக்கு முன்னால் நாற்பத்தொரு பேரை விழுந்து கும்பிட வைத்திருக்கிறீர்கள். என்னைக் கள்ளி என்று நிறுவ இவ்வளவு பாடுபட்டீர்களே, உங்கள் சாமியை என்ன செய்தீர்கள் என்று பார்த்தீர்களா? நீங்கள் என்னை நம்பாவிட்டால் ஐயரைக் கேளுங்கள்.

நான் 13ஆம் திகதி வரமாட்டேன். வாசிக்கவும் மாட்டேன். இனி வாசிக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். திங்கட்கிழமை 15ஆம் திகதி. எனக்கு நடக்கிறது நடக்கட்டும்.

அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மனோகரி

*

லோறென்ஸ்கூக்
14.09.2003

மனோகரிக்கு,

ஐயரைக் கேட்டேன். ரெலிபோனில் இரண்டு நிமிடக் கதை. "பிறத்தியாற்ற பொருளெண்டால் நான் செய்த கிரியை ஒண்டும் ஏறியிராது, யோகலிங்கம். நீங்கள் இவ்வளவு நாளும் கும்பிட்டது வெறும் பானை" என்றார். அவரும் பானை என்றார். மூன்று மாதம் அந்தப் பானைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்த மனுசன்.

நேற்றுக் காலை, சனங்கள் வரமுன், நானே பீடத்தில் இருந்து இறக்கிக் குளியலறையில் வைத்துக் கழுவினேன். நீர் எழுதினது சரி, மணந்தது. எட்டுத் தரம் தண்ணீர் மாற்றினேன். எட்டுத் தரமும் கூவிற்று. ஊதல் என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு தரமும் என்னை அறியாமல் ஆஞ்சநேயா என்று சொல்லிவிட்டேன். இதை உமக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உமது அக்காவிடம் அந்த வீட்டு முகவரியை வாங்கி, பானையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அந்த இங்கர் கதவைத் திறந்தா. நான் மனோகரியின் அக்கா புருஷன் என்றேன். மே மாதம் ஒரு நாள் மனோகரியைக் கூட்டிப்போக இந்த வீட்டுக்கு வந்தேன், அவ அறைக்குள் துடைத்துக்கொண்டிருந்தபோது அலுமாரியில் இருந்து நான்தான் எடுத்தேன், அவவுக்குப் பிறகுதான் தெரியவந்தது, குடும்ப மானத்துக்குப் பயந்து உங்கள் அம்மா தந்ததாகப் பொய் சொன்னவ என்றேன். வசனத்தை பஸ்ஸிலேயே மனதில் எழுதி வைத்திருந்தேன். ஓர் இடத்தில் இலக்கணம் பிழைத்துவிட்டது. அவவுக்கு விளங்கியது. எழுத்தில் தரச் சொன்னா. எழுதிக் கொடுத்தேன். பெயர், முகவரி, பிறந்த திகதி, கையெழுத்து. பொருள் திரும்பி வந்ததால் பொலிசுக்குப் போகமாட்டாவாம். உமது கந்தோருக்குப் பிரதி போகும்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது கீழ்த்தளத்தில் சனம் கூடிவிட்டது. "ஆஞ்சநேயர் எங்கை?" என்று சோதிலிங்கத்தின் மனுசி கேட்டா. அது ஒரு வெள்ளைக்காரி வீட்டுக் களவுப் பொருள், உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். யார் களவெடுத்தது என்று ஒருவராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். பிறகு கொண்டுவந்த வடையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நன்றி என்று ஒரு சொல் எழுதவேண்டாம். உமக்காகச் செய்யவில்லை. உமது அக்கா ஒரு கிழமையாக வெறும் தேத்தண்ணியில் கிடந்தா. அவவைச் சாப்பிட வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இனி இந்த வீட்டுக்கு நீர் வரவேண்டாம். அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வாரும்.

சி. யோகலிங்கம்

*

வெஸ்ட்லி
30.09.2003

அத்தானுக்கு,

யார் உங்களைக் கேட்டது?

குரங்கைப் பையில் போட்டு என் கையில் தந்திருந்தால் போதும். நானே கொண்டுபோய் இங்கருக்கு முன்னால் நின்று ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கேட்டிருப்பேன், அல்லது சண்டை பிடித்திருப்பேன். வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். அது எனக்கும் அவவுக்கும் இடையில் இருந்த காரியம். அதையும் நீங்களே தூக்கிக்கொண்டு போனீர்கள்.

போன வியாழக்கிழமை குறோன்லாண்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். சோதிலிங்கம் கடைக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். "வெள்ளைக்காரியின்ரை வீட்டிலை பூந்து களவெடுத்த குரங்கைக் கொண்டுவந்து எங்கட பொம்பிளையளைக் கும்பிட வைச்சவன்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். கையில் முருங்கைக்காய். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல எனக்கு ஒரு வசனம் போதும். முருங்கைக்காயை நிறுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்றுக் கந்தோரில் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தா. "குடும்பத்திலேயே இப்படி ஒருவர் இருந்தால் எவ்வளவு கஷ்டம் உனக்கு" என்று என் கையைப் பிடித்தா. மேசையில் உங்கள் காகிதம் இருந்தது. வடிவான எழுத்து, திகதிக்குக் கீழே கோடு கூடப் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பக்கத்தில் என் நிரந்தர வேலைக் கடிதம். "இதைப்பற்றி நீ சொல்ல ஏதும் இருக்கிறதா?" என்றா.

தா என்பதற்கு நீங்கள் எழுதின விளக்கத்துக்கு நான் பதில் எழுதவில்லை. களவு என்றே வைப்போம் என்று எழுதிச் சமாளித்தேன். இப்போது எழுதுகிறேன், வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். ஓம், அன்று என் கையில் தூசித்துணி இருந்தது. பிறெக்கே அம்மா அதைச் சொன்னபோது தூசி தட்டச் சொல்கிறா என்றும் எனக்குக் கேட்டது, எடுத்துக்கொள்ளச் சொல்கிறா என்றும் கேட்டது. இரண்டும் ஒன்றாகக் கேட்டது. இந்த ஊருக்கு வந்து நாலு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் ஒன்றை நீட்டி, இது உனக்கு என்று சொன்னதில்லை. எனக்கு அந்த அர்த்தம் வேண்டியிருந்தது. திரும்பி ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டால் தூசி என்றுதான் சொல்லுவா என்று தெரிந்தபடியால் கேட்கவில்லை.

இதைத்தான் நேற்றுப் பொறுப்பாளரிடம் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். திருகோணமலையில் இவர் அடுப்பு மூட்டுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. சொல்ல ஒன்றுமில்லை என்றேன். கையெழுத்து வைத்தேன். விண்ணப்பத்தை இன்று காலை தபாலில் போட்டாயிற்று.

இவர் வந்து இறங்கியதும் முதல் கேள்வி, "யோகலிங்கம் அண்ணையைப் பார்க்கப் போவமே?" என்றுதான் இருக்கும். ஏன் போக முடியாது என்று நான் சொல்லவேண்டி வரும். கந்தோர்க் காகிதத்தில் நீங்கள் எழுதின கதையைத்தான் இவருக்கும் சொல்லப்போகிறேன் என்று எனக்கு இப்போதே தெரியும். அதற்காக உங்களை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

மனோகரி